கடைமடைக்குத் தண்ணீர் விட்ட விமானம்

விமானத்தை வேடிக்கை பார்த்த கதையை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் நாங்கள் வேடிக்கை பார்த்ததோடு நிற்கவில்லை, அதனிடம் வேலையும் வாங்கினோம். காலையில் மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிக் கோயம்புத்தூர் வழியாகக் கொச்சிக்குப் போகும் விமானம் எங்கள் தலைக்கு மேலே பறந்ததும் கடைமடைக்குத் தண்ணீர் திறக்க வேண்டும். அதே விமானம் பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்ததும் அடைக்க வேண்டும். உத்திரமேரூருக்கு வடக்கே, திருமுக்கூடல் போகிற வழியில் இருக்கும் எங்கள் ஊர் ஏரிப் பாசனத்தின் சட்டம் அந்தக் காலத்தில் இப்படித்தான் இருந்தது. கேட்டால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அதற்கு முன்னால் இருந்த சட்டத்தைக் கேட்டால் சிரிப்பு வராது.

அதற்கு முன்னால் சட்டம் ஒரு கடிகாரத்துக்குள் இருந்தது. ஊரிலேயே அது ஒன்றுதான் கடிகாரம். மேல்மடையில் நிலம் வைத்திருந்த பெரியவர் ஒருவர் அதைச் சங்கிலி போட்டு மடியில் செருகியிருப்பார். எனக்கு அவர் மாமனார் முறை. மதகை ஒட்டிய நிலமெல்லாம் அவருக்கும் அவர் பங்காளிகளுக்கும். கால்வாய் இளைத்துப் போய் முடிகிற இடத்தில், அதாவது கடைமடையில், எங்களைப் போன்ற துண்டு நிலக்காரர்கள். தை பிறந்த பிறகு ஏரியில் தண்ணீர் குறைந்துவிடும். பகலில் மட்டும்தான் மதகைத் திறப்பார்கள். காலையில் அவர்களுக்கு, நடுவில் எங்களுக்கு, பொழுது சாய்ந்ததிலிருந்து இருட்டும் வரை மறுபடியும் அவர்களுக்கு என்று முறை. அந்த ‘நடுவில்’ எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்பதைக் கடிகாரம் சொல்லும். எங்கள் முறை வந்தால் அது ஓடும், அவர் முறை வந்தால் நடக்கும். அதனால் வருஷா வருஷம் கால்வாய்க் கரையில் ஒரு மண்டையாவது உடையும்.

விமான யோசனையைச் சொன்னது என் வீட்டுக்காரர். அவருக்கு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வேலை. வாரத்தில் ஒரு நாள் ஊருக்கு வருவார். மற்ற நாளெல்லாம் நிலத்தை நான்தான் பார்த்துக்கொள்வேன். ஒருமுறை கடிகாரச் சண்டை முற்றி, மதகடியில் ஊர்க் கூட்டம் போட்டார்கள். இவர் நடுவில் போய் நின்றுகொண்டு வானத்தைக் காட்டினார்.

“அது தெனம் தவறாம வந்துக்கினு கீது. அதுக்குப் பங்காளி கெடையாது. நம்ம ஊர்ல யார் வூட்லயும் அது பொண்ணு எடுக்கல. அத்த நம்புங்க.”

கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. பெரியவரும் சண்டையில் சலித்துப் போயிருந்தார் போல, கடிகாரத்தை மடியில் செருகிக்கொண்டு, “சரி, அப்பிடியே ஆவட்டும்” என்றார். அன்றிலிருந்து விமானம் எங்கள் ஊருக்கு நாட்டாமை ஆனது.

மதகையும் மடைகளையும் திறந்து அடைக்கிறவரை எங்கள் பக்கத்தில் நீர்க்கட்டி என்போம். எங்கள் ஊர் நீர்க்கட்டிக்கு நல்ல காது. கிழக்கே இரைச்சல் கிளம்பியதுமே மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கிவிடுவார். விமானம் நேர் மேலே வந்ததும் ஒரு வெட்டு. எங்கள் பக்கம் தண்ணீர் திரும்பும். மழை நாளில் சில சமயம் விமானம் வராது. அன்றைக்குத் தண்ணீர் யாருக்கும் தேவைப்படாததால் சட்டத்துக்கு ஆபத்து இல்லை. சில வருஷங்கள் இப்படியே சண்டை சச்சரவு இல்லாமல் ஓடின.

என் வீட்டுக்காரருக்கு இதனால் ஊரில் ஏறிய மவுசு கொஞ்சநஞ்சமில்லை. அவர் வாயும் சும்மா இருக்காது. பயணிகளின் பெட்டிகளில் கட்டி வரும் அட்டைச் சீட்டுகள் அறுந்து விழுந்தால் பொறுக்கிக்கொண்டு வருவார். ஒன்றில் பறவை, ஒன்றில் கிரீடம், ஒன்றில் நட்சத்திரம். ஒவ்வொன்றும் ஒரு தேசத்து விமானக் கம்பெனியாம். சோற்றுப் பசை தடவி வீட்டு உள்சுவரில் ஒட்டி வைப்பார். நான் எட்டாவது வரை படித்தவள், இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். லண்டன், கெய்ரோ, நைரோபி, ரங்கூன், சிங்கப்பூர். மண்சுவரில் மழை ஓதம் ஏறி அவ்வப்போது ஒரு தேசம் உதிர்ந்து கீழே விழும். பெருக்கும்போது எடுத்து மறுபடியும் ஒட்டுவேன்.

எங்கள் தலைக்கு மேல் போனது டகோட்டா விமானம். அதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் குழம்பு ஆறிப் போகும்.

“உலகச் சண்டைக்குன்னு கணக்கில்லாம பண்ணிட்டாங்கமே. சண்டை முடிஞ்சி போச்சி. அப்பறம் வச்சிக்கினு இன்னா பண்றது? உள்ள சீட்டப் போட்டு, வெளிய பெயிண்ட்ட அடிச்சி, ஒவ்வொரு தேசத்துக் கம்பெனியும் வாங்கிக்கிச்சி. பிரேசில்ல போனாலும் டகோட்டாதான், ஆப்பிரிக்காவுல போனாலும் டகோட்டாதான். உலகத்துல பாதிப் பேரு நம்ம பிளேன்லதான் போய்க்கினு வந்துக்கினு கீறாங்க.”

“நம்ம பிளேனா? நீ எப்ப வாங்கின?” என்பேன்.

அவர் கேட்காதது போலவே இருப்பார். பம்பாய்க்கு வரும் பெரிய விமானங்களில் ஒன்றுக்கு மூன்று வால் என்பார். இறக்கையில் விசிறியே இல்லாமல் பறப்பது வந்துவிட்டது என்பார். எனக்குச் சொல்வது இவ்வளவுதான். ஊராருக்குச் சொல்லும்போது கொஞ்சம் மசாலா சேரும். பைலட் இவரைப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் விமானத்தைக் கிளப்புவார் என்கிற அளவுக்குப் போயிருந்தது. நான் குறுக்கே பேசவில்லை. ஆசைப்பட்டுச் சொல்கிறார், சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒரு மாசி மாதம் அவர் ஊருக்கு வந்தபோது முகமெல்லாம் பல்லாக இருந்தது.

“டகோட்டாவ இந்த லைன்லேந்து தூக்கிட்டாங்கமே! நாளையிலேந்து புது வண்டி. டகோட்டா வால்ல குந்திக்கினு இருக்கும், ஏறுறவன் உள்ள மேடு ஏறணும். இது நேரா நின்னுக்கினு கீது. றெக்கை ஜன்னலுக்கு மேல. குந்திக்கினு இருக்கறவனுக்குக் கீழ ஊரெல்லாம் தெரியும். டகோட்டா போய் வர்ற நேரத்துல இது போய்ட்டு வந்து, சோறு துன்னுட்டு, தூக்கமும் போட்டுடும்! பேரு இன்னா தெரியுமா? பிரண்ட்ஷிப்பு. சிநேகிதம்னு அர்த்தமாம்.”

நானும் சேர்ந்து சிரித்தேன். மறுநாள் விடியற்காலையில் அவர் வேலைக்குக் கிளம்பிப் போனார். வேகமான விமானம் என்றால் எங்களுக்கு என்ன ஆகும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

காலையில் விமானம் வழக்கம்போலப் போனது. நீர்க்கட்டி மடையைத் திருப்பினார். கால்வாய் நனைந்து, தண்ணீர் தவழ்ந்து எங்கள் வயலுக்கு வந்து சேரவே நெடுநேரம் ஆகும். அப்போது எங்கள் நவரைப் பட்டத்து நெல் கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற சமயம். தண்ணீர் முதல் வரப்பைத் தாண்டியதைப் பார்த்துவிட்டு நான் கஞ்சிக் கலயத்தைத் திறந்தேன். மேற்கே விசில் அடிப்பது போல ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் விமானம் திரும்பி வருகிறது! சூரியன் இன்னும் உச்சியிலிருந்து அதிகம் நகரவில்லை. கரை மேல் நின்ற நீர்க்கட்டி வானத்தையும் மண்வெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டம் சட்டம்தான். அடைத்துவிட்டார்.

எதையோ மறந்து வைத்துவிட்டு எடுக்கத் திரும்பி வந்திருக்கும் என்று அன்றைக்கு நினைத்தோம். மறுநாளும் அதே கதை. மூன்றாவது நாளும் அப்படியே வந்ததும், கடைமடைக்காரர்களில் ஒருவர் மேல்மடைப் பெரியவர் விமான டிரைவரைக் கையில் போட்டுக்கொண்டார் என்று அடித்துச் சொல்ல ஆரம்பித்தார். நாங்கள் பெரியவரிடமே போய்க் கேட்டோம்.

“பேச்சு இன்னா? போற பிளேன்ல தொறக்கணும், வர்ற பிளேன்ல அடைக்கணும். சீக்கிரம் வந்தா நான் இன்னா பண்றது? அது இன்னா என் மாட்டு வண்டியா, ஓட்டறவன் கிட்ட மெதுவா வாடான்னு சொல்றதுக்கு?” என்றார். அவர் நிலத்தில் தண்ணீர் பகல் முழுக்கத் தளதளவென்று நின்றது. எங்கள் வயலின் கடைசி மூலையில் மண் வெடிக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் இரண்டு வாரம் இப்படிப் போனால் கதிரெல்லாம் பதராகிவிடும். அந்த வருஷத்துச் சோறே அந்த வயல்தான். வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

வார முடிவில் என் வீட்டுக்காரர் வந்து சேர்வதற்கு முன்பே கடைமடைக்காரர்கள் எங்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். அவர் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டார்கள்.

“நீதான் அங்க எல்லாம்னு சொல்லிக்கினு இருந்தியே. டிரைவரு கிட்ட ஒரு வார்த்த சொல்லு. கொஞ்சம் மெதுவா வரச் சொல்லு. பயிரு பால் புடிக்கற வரைக்கும் போதும்.”

“சொல்லிட்டாப் போச்சி” என்றார் அவர். அவர்கள் நிம்மதியாகப் போனார்கள். அவர் சோற்றில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

“நான் மூட்ட தூக்கறவன்மே” என்றார் கடைசியில். “பைலட்டு மூஞ்சத் தூரத்துலேந்து பாத்ததோட சரி.”

எனக்குத் தெரியாதா என்ன? அவர் தோள்பட்டையில் காய்த்திருப்பதை எண்ணெய் தடவி விடுகிறவளே நான்தானே. புதுத் தேசத்துச் சீட்டை எடுத்து நீட்டும்போது சிரிக்கும் முகம் அன்றைக்குத் தொங்கிப் போயிருந்தது. எனக்கு அவரைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது, வயலை நினைத்தாலும் பாவமாக இருந்தது. கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

“நீ யார் கிட்டயும் பேச வேணாம். என்ன அங்க கூட்டிக்கினு போ. அந்தச் சிநேகிதத்த நான் பாக்கணும்” என்றேன்.

மறுநாள் செங்கல்பட்டு வரைக்கும் பஸ், அங்கிருந்து ரயில் என்று மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். என்னைக் கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு அவர் வேலைக்குப் போனார். அந்த விமானம் வந்து இறங்கியதும் நல்லதாக நாலு சாபம் கொடுப்பது என்று முடிவு செய்து வைத்திருந்தேன். அதற்குத்தான் அவ்வளவு தூரம் வந்ததே.

எனக்குப் பக்கத்தில் ஒருவர் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. கண் சிவந்து கிடந்தது. நான் கேட்காமலே சொன்னார். அவர் அம்மா சென்னையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். மகள் பெயரைச் சொல்லியே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாளாம். தங்கைக்குத் தந்தி அடித்திருக்கிறார். ரயிலில் ஏறினால் நாளைக் காலையில்தான் வந்து சேர முடியும். அதனால் மாப்பிள்ளை எங்கெங்கோ ஓடிப் பிளேனில் ஏற்றி விட்டிருக்கிறார்.

விசில் சத்தம் கேட்டது. விமானம் இறங்கி, ஓடி, திரும்பி, எங்களுக்கு எதிரே வந்து நின்றது. என் வீட்டுக்காரர் சொன்னது சரிதான். வாலில் குந்தவில்லை. இறக்கை ஜன்னலுக்கு மேல் கூரை மாதிரி நீண்டிருந்தது. கதவு திறந்து படி வைத்ததும் இறங்கியவர்களில் ஒரு பெண், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கம்பியை நோக்கி ஓடி வந்தாள். என் வயதுதான் இருக்கும்.

“அண்ணா, அம்மா இருக்காங்களா?”

“இருக்காங்க. வா.”

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேரும் ஓடினார்கள். கொண்டு வந்த நாலு சாபத்தையும் நான் கொடுக்கவில்லை. எங்கள் பொழுதைத் திருடிய அந்த வேகம்தான் அவளைத் தாய் கண்ணை மூடுவதற்கு முன்னால் கொண்டு வந்து சேர்த்திருக்கிறது. அதைப் போய் மெதுவாக வா என்று எந்த வாயால் சொல்வது? எனக்கு அழுகை வந்தது. அந்தப் பெண்ணுக்காக அழுதேனா, என் நெல்லுக்காக அழுதேனா என்று கேட்டால், இரண்டுக்கும்தான்.

சாப்பாட்டு வேளையில் அவர் வந்து தூரத்தில் குந்திக்கொண்டிருந்த டகோட்டா ஒன்றைக் காட்டினார். அதைத் தூக்கிப் போட்டுவிடவில்லையாம், வேறு ஊருக்குப் போகும் லைனில் போட்டிருக்கிறார்களாம். அதற்கு வேறு வேலை கிடைத்துவிட்டது, இதற்கும் ஒரு வேலை இருக்கிறது. விமானத்தின் மேல் தப்பே இல்லை என்று எனக்குப் பட்டது. வயலை அதன் வாலில் கட்டிவிட்டது நாங்கள்தான். ஊருக்குத் திரும்பும் ரயிலில் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். சிங்கப்பெருமாள்கோயில் தாண்டுவதற்குள் ஒரு வழி கிடைத்துவிட்டது. தனியாகச் சிரித்தேன். எதிர்ப் பலகையில் இருந்த அம்மாள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

அவர் லீவு போட்டுவிட்டு வந்ததும் மதகடியில் கூட்டம் கூட்டினார்கள். எடுத்த எடுப்பிலேயே கடைமடைக்காரர் ஒருவர், “டிரைவரு இன்னா சொன்னாரு?” என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

“நான் பேசல. என்னால பேச முடியாது. நான் அங்க மூட்ட தூக்கறவன். அம்மாந்தான்” என்றார்.

யாராவது சிரிப்பார்கள் என்று நான் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். நீர்க்கட்டிதான் முதலில் பேசினார். “அதனால இன்னா? நானும் மண்வெட்டி தூக்கறவன்தான். குந்துப்பா” என்றார். அவர் உட்கார்ந்தார். ஊர் மொத்தமும் கூடியிருந்த இடத்தில் என் வீட்டுக்காரர் தன் வேலையைச் சொன்னதில் எனக்கு ஏற்பட்ட பெருமை, அவர் சொன்ன மசாலாக் கதை எதிலும் ஏற்பட்டதில்லை. பெண்கள் கூட்டத்தில் பேசுகிற வழக்கம் அப்போது கிடையாது. நான் பேசினேன்.

“மாமா, பேச்ச மாத்த வேணாம். பிளேனே சட்டமா இருக்கட்டும். போற பிளேனுக்கும் வர்ற பிளேனுக்கும் நடுவுல கீற தண்ணிய இனிமே நீங்க எடுத்துக்கங்க. முன்னாடியும் பின்னாடியும் கீறத எங்களுக்கு வுடுங்க.”

பெரியவர் பொசுக்கென்று நிமிர்ந்தார். “அதெப்பிடிம்மா? நடுவுல இன்னா கீது? கால்வா நனையறதுக்குள்ள திரும்பி வந்துடுதே!”

“அத்தத்தான் மாமா நாங்களும் இத்தினி நாளா சொல்லிக்கினு கீறோம்.”

முதலில் சிரித்தது அவருடைய பங்காளிகள்தான். அப்புறம் ஊரே சிரித்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது பெரியவருக்கும் தெரிந்துவிட்டது. மீசைக்குள் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “உம் பொண்டாட்டியக் கூட்டத்துக்குக் கூட்டிக்கினு வந்தது தப்புடா” என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வழிக்கு வந்தார்.

தண்ணீர் திறக்கும் வேலை விமானத்திடமே இருக்கட்டும் என்று முடிவானது. காலையில் அது போகிற நேரம் மாறவில்லை அல்லவா. அடைக்கும் வேலையை அந்த வருஷம்தான் ஊருக்கு வந்திருந்த பள்ளிக்கூடத்திடம் கொடுத்தார்கள். வாத்தியார் வெளியூர்க்காரர், கையில் வாட்ச் கட்டியிருப்பார், சாயங்காலம் மணி அடித்துப் பிள்ளைகளை விடுவார். அந்த மணிச் சத்தத்தில் மடையை அடைத்தால் போதும்.

மறுநாள் நான் வயலை விட்டு நகரவில்லை. காலையில் விமானம் போனது. தண்ணீர் வழக்கம்போலத் தவழ்ந்து வந்து, முதல் வரப்பைத் தாண்டி, வெடித்துக் கிடந்த மண்ணுக்குள் சளசளவென்று இறங்கியது. நான் கடைசி மூலையில் காத்து நின்றேன். இன்னும் அங்கே தண்ணீர் வந்து சேரவில்லை. அதற்குள் மேற்கே அந்த விசில் சத்தம். கரை மேல் நின்ற நீர்க்கட்டி பழக்கதோஷத்தில் மண்வெட்டியை ஓங்கிவிட்டார். ஓங்கிய கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, பீடிக்கு மடியைத் துழாவ ஆரம்பித்தார்.

விமானம் எங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் நிற்கவில்லை. வந்து என் கால் விரலைத் தொட்டது, பாதத்தை மூடியது. நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வயலில் நின்றபடியே வானத்தைப் பார்த்துக் கத்தினேன்.

“போ! இன்னும் வேகமாப் போ! அங்க ஆளுங்க காத்துக்கினு கீறாங்க!”